ரெண்டு பொங்கலுக்கு நடுவில அலைகரைக்க மெசின் இறக்காதேங்கோ

எங்கட குளத்தைப் பாக்கிற எஞ்சினியர் ஐயாக்கும், கமக்காரர் அமைப்பில இருக்கிற அண்ணைமாருக்கும், குளத்து மீன்பிடிச் சங்கத்து ஆக்களுக்கும், மண் தோண்டுற பெக்கோ மெசின் ஓட்ட வாற தம்பிமாருக்கும்,

வணக்கம். கூட்டத்தில எழும்பிக் கதைக்கோணும் எண்டு ரெண்டு தரம் வந்தனான், ரெண்டு தரமும் உரக்காசு, யானை வேலி எண்டு கதை போய் நேரம் முடிஞ்சிட்டுது. அதுகளும் தேவையான கதைதான், எனக்கும் குளத்துக்குக் கீழ 4 ஏக்கர் இருக்கு. அதாலதான் சொல்ல வந்ததை இப்பிடி எழுதுறன். குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கக் கரையான அலைகரையில தண்ணிக்க நிக்கிற மருது மரங்களைப் பற்றியும் அதில கூடு கட்டுற கொக்கு நாரையளைப் பற்றியும்தான் இது. இந்த முறையும் குளம் திருத்தக் காசு வந்திருக்கு, தை கடைசியில வேலை தொடங்கும் எண்டு கேள்விப்பட்டன். காசு வந்தது சந்தோசம். ஆனா போன வருசம் நடந்தது திரும்பவும் நடக்கக்கூடாது.

போன வருசம் பங்குனி. மழை குறைஞ்ச வருசம் எண்டபடியா தண்ணி வேளைக்கே வத்தி அலைகரையில சேறு தெரியத் தொடங்கிட்டுது, இதுதான் சந்தர்ப்பம் எண்டு கொந்தராத்து எடுத்தவை பெக்கோவை இறக்கி, ஆழமாக்கிற வேலைக்கு இடைஞ்சலா நிண்ட அஞ்சு மருதையும் ஒரு பின்னேரத்துக்க தள்ளி விழுத்திப்போட்டினம். கணக்கில எழுதினா அஞ்சு மரம்தான். அதில ஒரு மரத்தில மட்டும் 20 கூட்டுக்கு மேல நான் எண்ணி வைச்சிருந்தனான். நான் ஓடிப் போகேக்க மரம் சரிஞ்சு கிடக்கு, சேத்துக்க குஞ்சுகள், சிலதுக்கு இறகு குருத்து விட்டிருக்கு, சிலது வெறும் தோலும் கொஞ்சம் பஞ்சு மயிரும், மேல தாய் தகப்பன் எல்லாம் சுத்திச் சுத்திக் கத்துதுகள். ஒண்டும் கீழ இறங்கேல்ல. காகமும் பிராந்தும்தான் இறங்கினது, பேந்து நாய் வந்தது. நானும் மகனும் யூரியா பாக்கில 11 குஞ்சை அள்ளிக்கொண்டு வந்து, கடகத்தில வைக்கல் போட்டு வைச்சு, குளத்துச் சின்ன மீனை வெட்டி வெட்டிக் குடுத்துப் பாத்தம். நாலாம் நாள் ரெண்டுதான் மிச்சம். பேந்து அதுகளும் போட்டுது. மகன் அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் என்னோட வாறேல்ல.

பெக்கோ ஓட்டின தம்பியை நான் குறை சொல்லேல்ல. அவர் மெசினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்து பாத்திட்டு, "உப்பிடி இருக்கு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா" எண்டவர். உண்மைதான், ஒருத்தரும் சொல்லேல்ல. வேலைக் கடதாசியில "பற்றை, மரம் அகற்றல்" எண்டு மட்டும்தான் இருந்திருக்கு. அதைத்தான் இப்ப, வேலை தொடங்க முந்தி, மார்கழியிலயே சொல்லுறன்.

தாய் தகப்பன் ஏன் இறங்கேல்ல எண்டு கனபேர் என்னட்டக் கேட்டவை. அதுகளுக்குப் பாசம் இல்லாம இல்லை. கூட்டில, இல்லாட்டி கூட்டுக்குப் பக்கத்துக் கொப்பில நிக்கிற குஞ்சுக்குத்தான் அதுகள் இரை குடுக்கும், நிலத்தில விழுந்திட்டா அனேகமா அந்தக் குஞ்சு முடிஞ்சுது. அப்ப மரத்தை விழுத்திறது எண்டுறது, வீட்டை இடிச்சுப்போட்டு ஆக்களை வேற இடத்துக்கு ஏத்திறது மாதிரி இல்லை, அதுகளுக்கு மாறிப் போக வழியே இல்லை. இடம்பெயர்ந்து திரிஞ்ச எங்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும் எண்டு நினைக்கிறன்.

குளக்கட்டில நிண்டு பாத்தா எல்லாம் "கொக்கு"தான். விடியப்புறம் ஒரு மணித்தியாலம் அசையாம இருந்து பாருங்கோ, ஒரு மரத்துக்க எத்தினை குடும்பம் எண்டு தெரியும். உச்சிக் கொப்பில சாம்பல் நாரை, பெரிய உடம்பு, பெரிய கூடு, போன வருசக் கூட்டுக்கு மேலயே இன்னும் குச்சி அடுக்கும், வருசா வருசம் கூடு தடிச்சுக்கொண்டே போகும். அதுக்குக் கீழ வெள்ளைக் கொக்குகள், மாட்டுக்கொக்கு. இலை அடர்ந்த பக்கம் இராக்கொக்கு, பகல் முழுக்கக் கூனிக்கொண்டிருந்து பொழுதுபடத்தான் "க்வாக்" எண்டு கத்திக்கொண்டு இரைக்குப் போகும், சின்னனில அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் வீட்டுக்க ஓடுறனாங்கள். இன்னும் கீழ, பதிவான கொப்பில குருட்டுக்கொக்கு. நீர்க்காகமும் இடைக்கிடை வந்து சேரும். செந்நாரை மட்டும் வேற மாதிரி, அது மரத்தை விட சம்புப் பத்தைக்கதான் கூடுதலாக் கட்டும், சம்பை மடக்கி மேடை மாதிரிச் செய்து. அப்ப "பற்றை அகற்றல்" எண்டு எழுதுற கையெழுத்து அதையும் சேர்த்துத்தான் அகற்றுது.

கட்டுற விதமும் பாக்கோணும். ஆண்தான் முதல் வந்து இடம் பிடிக்கும், கழுத்தை வானத்துக்கு நீட்டி, சிறகை விரிச்சு, கத்தி, சோடியைக் கூப்பிடும். சோடி சேர்ந்த பிறகு ஆண் ஒவ்வொரு குச்சியாக் கொண்டு வந்து நீட்டும், பொம்பிளை வாங்கிச் செருகும். பக்கத்துக் கூட்டில ஆள் இல்லையெண்டா அதில இருந்து குச்சி இழுக்கிறதும் நடக்கும், அதால ஒராள் எப்பவும் காவல். இந்தக் காலத்தில அதுகளின்ர நிறமே மாறும். மாட்டுக்கொக்குக்குத் தலையும் நெஞ்சும் முதுகும் செம்மஞ்சளாப் போகும், குருட்டுக்கொக்கு, வரம்பில மண் நிறத்தில குந்திக்கொண்டிருக்கிற அதுதான், முதுகில கருஞ்சிவப்புத் தூவி வளர்ந்து வேற பறவை மாதிரி நிக்கும். சின்ன வெள்ளைக் கொக்குக்கு பிடரியில ரெண்டு நீளத் தூவி தொங்கும். உங்கட வயலுக்க தை மாசியில இந்த நிறத்தைக் கண்டா, அதுக்கு எங்கேயோ கூடு இருக்கு, இல்லாட்டிக் கட்டப் போகுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

முட்டை வெளிறின நீலப்பச்சை, ஒரு கூட்டில 3 தொடக்கம் 5 எண்டு வரும். சாம்பல் நாரை 25, 26 நாள் மட்டில அடைகாக்கும், தாயும் தகப்பனும் மாறி மாறி. குஞ்சு பொரிச்ச பிறகு பறக்க இன்னும் ஒரு 50 நாள் வேணும். மாட்டுக்கொக்கு கெதி, 24 நாள் மட்டில பொரிச்சு, ஒரு மாசத்தில குஞ்சு பறக்கத் தொடங்கிடும். முதல் முட்டை இட்ட உடனயே அடைகாக்கத் தொடங்கிறதால குஞ்சுகள் ஒரே நாளில பொரிக்காது, ஒண்டு இண்டைக்கு, மற்றது ரெண்டு நாள் கழிச்சு, கடைசிக்காரர் பொரிக்கேக்க மூத்தவர் ரெண்டு மடங்கு. இரை தாராளமா இருந்தா எல்லாம் தப்பும், தட்டுப்பாடெண்டா மூத்ததுகள் பறிச்சுத் திண்டு கடைசிக் குஞ்சு சாகும். அது இயற்கை, அதில நான் தலையிடேல்ல. ஆனா ஒரு வருசம் எத்தினை குஞ்சு தப்பும் எண்டுறது எங்கட குளத்துத் தண்ணியிலயும் எங்கட வயலிலயும் தங்கியிருக்கு எண்டுறதை யோசிச்சுப் பாருங்கோ.

ஏனெண்டா அதுகளின்ர கலண்டரும் எங்கட கலண்டரும் ஒண்டு. ஐப்பசி கார்த்திகையில மழை, குளம் நிறையுது, காலபோகம் விதைச்சு வயல் முழுக்கத் தண்ணி, தவளை, நண்டு, சின்ன மீன், பூச்சி எல்லாம் பெருகுது. மார்கழி தையில அலைகரை மருதெல்லாம் முழங்கால் அளவு, இடுப்பளவு தண்ணிக்க நிக்குது, அந்த நேரம்தான் கூடு கட்டத் தொடங்குதுகள். ஏன் தண்ணிக்க நிக்கிற மரம்? மரநாயும் குரங்கும் லேசில வந்து ஏறாது, அதுக்குத்தான். முதலை கிடக்கிற குளமெண்டா இன்னும் பாதுகாப்பு. பேந்து மாசி பங்குனியில அருவி வெட்டு, அதுதான் நெல் அறுப்பு, வயல்தண்ணி வடியுது, குளமும் மெல்ல மெல்ல இறங்குது, இறங்க இறங்க மீனெல்லாம் ஆழங்குறைஞ்ச கரையோரத்தில ஒதுங்குது, அந்த நேரம் பாத்துத்தான் கூட்டில குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நிக்குதுகள். சித்திரை வைகாசியில பிந்தினதுகளும் பறந்து முடியும். எங்கட பாசையில சொல்லுறதெண்டா தைப்பொங்கலுக்கும் வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் நடுவில இருக்கிற காலம். முந்திறதும் இருக்கும் பிந்திறதும் இருக்கும், ஆனா கூடுதலான கூடு அந்தக் காலத்துக்க அடங்கிடும்.

இப்ப எஞ்சினியர் ஐயாட்ட நேரா. மரம் குளக்கட்டைப் பழுதாக்கும் எண்டு நீங்கள் சொன்னது சரி. குளக்கட்டில நிக்கிற மரத்தின்ர வேர் கட்டுக்க இறங்கும், மரம் பட்டுப்போனா அந்த வேர் உக்கி ஓட்டை விழும், அதுக்கால தண்ணி கசியத் தொடங்கினா கட்டு உடைய எவ்வளவு நேரம். கட்டு உடைஞ்சா கொக்குக்கும் குளம் இல்லை எங்களுக்கும் இல்லை. கட்டில முளைக்கிறதை வெட்டுங்கோ, தண்ணி திறந்து விடுற துருசுக்குக் கிட்ட, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற வானுக்குக் கிட்ட நிக்கிறதை வெட்டுங்கோ, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நான் கேக்கிறது எதிர்ப்பக்கம், அலைகரையில நிக்கிற மரங்களை. அதுகள் கட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாது, சொல்லப்போனா மேட்டால அடிச்சுக்கொண்டு வாற மண்ணை அந்த வேர்தான் பிடிச்சு வைக்குது, அந்த மண் குளத்துக்க இறங்கினா திரும்பவும் தூர் வார நாங்கள்தான் காசு தேடோணும். ஆழமாக்கத்தான் வேணுமெண்டா மரத்தடியை விட்டு ஒதுங்கித் தோண்டுங்கோ, மரத்தைச் சுத்தி ஒரு மண்திட்டி மிஞ்சினாலும் நல்லது, நாரைக்கு அது தீவு.

நேரமும் அப்பிடித்தான். சேறு காயாத பங்குனியில பெக்கோ புதைஞ்சு அரைநாள் இழுபட்டது எல்லாருக்கும் தெரியும். ஆடி ஆவணியில குளம் அடிவத்தி நிலம் காய்ஞ்சு கிடக்கும், மண் வேலைக்கு அதுதான் நல்ல காலம், டிப்பரும் உள்ளுக்க போகும், கூட்டிலயும் ஒண்டும் இராது. தையில காசைச் செலவழிக்கத் தொடங்கத்தான் வேணும் எண்டு மேலிடத்தில சொன்னா, கட்டுக்குக் கிரவல் போடுறது, வான் சுவர், வாய்க்கால் இதுகளை முதல் எடுங்கோ. அலைகரை வேலையை மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கோ. ஒரு ரூபாய் கூடுதலாக் கேக்கேல்ல, ஒழுங்கைத்தான் மாத்தச் சொல்லிக் கேக்கிறன்.

மரத்தை வெட்டாட்டியும் கிட்டப் போய்ச் சத்தம் போட்டாலே காணும், கூடு அழியும். மெசின் சத்தத்துக்கு எல்லாம் ஒரேயடியா எழும்பும். மத்தியான வெயில்ல தாய் சிறகை விரிச்சு நிழல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஏனெண்டா, அந்த வெயில் முட்டையையும் இறகு முளைக்காத குஞ்சையும் கொஞ்ச நேரத்தில கொண்டுபோடும், தாய் எழும்பின உடன காகம் இறங்கும், காகத்துக்கு அது நல்லாத் தெரியும். கொப்புக்கு ஏறப் பழகிற வயசுக் குஞ்சுகள் வெருண்டு தாவிக் கீழ விழும். போன மாசியில கலியாணச் சோடி ஒண்டைப் படம் எடுக்க வந்த வீடியோக்காரத் தம்பி ட்ரோனை நேரா மரத்துக்கு மேல விட்டவர், வெள்ளையா எழும்பிப் பறக்கிறது படத்துக்கு வடிவுதான், ஆனா அந்த அஞ்சு நிமிசத்தில காகம் நாலு முட்டையைத் தூக்கினதை நான் கண்ணால பாத்தனான். நான் பாத்தளவில 100 மீற்றருக்கு இஞ்சால பேசாம நிண்டா அதுகள் எழும்பாது. மெசினுக்கு அதைவிடக் கூட வேணும்.

மீன்பிடிச் சங்கத்து ஆக்களுக்கு என்னில கோவம் எண்டு தெரியும். "காசு குடுத்து விட்ட மீன்குஞ்சை உந்தக் கொக்குதானே திண்ணுது" எண்டு ஒரு அண்ணை கேட்டவர். திண்ணும், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா கொக்கும் நாரையும் நீந்திப் பிடிக்கிற சாதி இல்லை, காலின்ர உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்திலதான் நிண்டு குத்தும், அப்ப கரையில வைச்சு மீன்குஞ்சை விடாம, வள்ளத்தில கொண்டுபோய் ஆழமான பக்கம், கூட்டு மரத்துக்குத் தூரமா, பொழுதுபட விட்டுப் பாருங்கோ. நடுக்குளத்தில மூழ்கிப் பிடிக்கிறது நீர்க்காகம், அதின்ர கணக்கைக் கொக்கின்ர தலையில போடாதேங்கோ. இன்னொண்டு, அந்த மரங்களுக்குக் கீழ விழுற எச்சம் தண்ணிக்க கரைஞ்சு பாசி பிடிக்க வைக்கும், அந்தப் பாசியையும் அதில வளருற சின்னச் சீவனையும் திண்டுதான் யப்பான் மீன், அதுதான் திலாப்பியா, கொழுக்குது. எச்சம் மணக்கும், கனவருசத்தில மரத்தைப் பட்டுப்போகவும் வைக்கும், அதுவும் உண்மை. அதால நாங்கள் குளிக்கிற துறைக்குக் கிட்ட இல்லாம அந்தப் பக்கம் நிக்கிற மரங்கள் முக்கியம், அதுகளை வெட்டினா கொக்கு ஊருக்க இருக்கிற புளியிலயும் அரசிலயும் வந்து கட்டும், பேந்து மணக்குது எண்டு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?

கமக்காரருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. உழவு மெசினுக்குப் பின்னால வரிசையா நடக்கிற மாட்டுக்கொக்கு என்ன பொறுக்குது எண்டு தெரியும்தானே, வெட்டுக்கிளியும் புழுவும். வரம்பில துளை போடுற நண்டைக் குருட்டுக்கொக்கு பிடிக்கும். ஒரு கூட்டில நாலு குஞ்சு எண்டா அந்த ரெண்டு மாசமும் தாய் தகப்பன் எத்தினை தரம் எங்கட வயலுக்கும் மரத்துக்கும் ஓடுப்பட்டிருக்கும்.

"இது கமத்துக்கு வெட்டின குளம், பறவைக்கு இல்லை" எண்டும் கூட்டத்தில ஒரு கதை வந்தது. வன்னியில எந்தக் குளம் தானா வந்தது? இரணைமடு கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டினது, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு எல்லாம் மனிசர் கை பட்டதுதான். ஈரநிலங்களைக் காக்க நாடுகள் சேர்ந்து 1971 இல எழுதின ராம்சார் சமவாயத்தில ஈரநிலம் எண்டா இயற்கையா வந்ததும் மனிசர் உண்டாக்கினதும் ரெண்டும்தான் எண்டு தெளிவா இருக்கு, இலங்கை அதில 1990 இல சேர்ந்தது. மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்தைப் பாருங்கோ, அருவியாத்துத் தண்ணி வந்து எத்தினையோ ஆயிரம் ஏக்கர் நெல்லை விளைவிக்குது, அதேநேரம் 1954 இல இருந்து அது சரணாலயம். கமக்காரருக்கும் அந்தக் குளம்தான், பறவைக்கும் அந்தக் குளம்தான். அங்கால தமிழ்நாட்டில வேடந்தாங்கல் ஏரியும் ஊராக்கள் பாசனத்துக்குக் காத்த ஏரிதான், வெள்ளைக்காரர் பறவையைச் சுட வந்ததுக்கு எதிரா ஊராக்கள் போய் நிண்டு 1798 இல செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசிட்ட எழுத்தில உத்தரவு வாங்கினவை, அந்த எச்சம் கலந்த தண்ணி வயலுக்குப் பசளை எண்டு அவைக்குத் தெரிஞ்சிருந்தது. எங்கட சட்டத்திலயும் 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, கொக்கும் நாரையும் அதுக்குள்ள வாற பறவைதான், குஞ்சைப் பிடிச்சுக் கறிக்குக் கொண்டு போற பெடியளுக்கும் இது தெரிஞ்சிருக்கட்டும். ஆனா நான் சட்டத்தைக் காட்டி வெருட்ட இதை எழுதேல்ல. ஒரே ஊரில இருந்து, ஒரே குளத்தில குளிக்கிற ஆக்கள் நாங்கள்.

அதால என்ர கேள்வி இவ்வளவும்தான். வேலைக் கடதாசியில "மரம் அகற்றல்" எண்ட இடத்தில கட்டுப் பக்கம் மட்டும் எண்டு ஒரு வரி எழுதுங்கோ. அலைகரை வேலை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு எண்டு நாள் போடுங்கோ. வெட்டத்தான் வேணும் எண்டு நிக்கிற மரம் இருந்தா வெட்ட முந்தி ஒருக்கா ஆரையாவது விட்டுக் கூடு இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, நான் வரத் தயார், காசு வேண்டாம். விழுந்த அஞ்சு மருதுக்குப் பதிலா நான் மருதங்கண்டு போட்டு வளர்த்து வைச்சிருக்கிறன், ஆடியில தண்ணி வத்தினோட்ட நடுவம், பள்ளிக்கூடப் பிள்ளையள் வருவினம், மாடு கடிக்காமச் சுத்தி அடைக்க முள்ளுக்கம்பி மட்டும் அமைப்பு தந்தாக் காணும். அதுகள் கூடு தாங்கிற அளவுக்கு வளர எங்கட காலம் போயிடும், அதாலதான் நிக்கிற மரத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறன்.

முந்தநாள் விடியப்புறம் பாத்தனான், மிஞ்சி நிக்கிற பெரிய மருதின்ர உச்சியில ஒரு சாம்பல் நாரை குச்சி கொண்டு வரத் தொடங்கிட்டுது. எஞ்சினியர் ஐயா, வாற கிழமை அளவெடுக்க வரேக்க ஒரு மணித்தியாலம் முந்தி, ஆறு மணிக்கு வாங்கோ, நான் துருசடியில நிப்பன். வான் பக்கத்தால வராதேங்கோ, தண்ணி பாயுது, கல்லு வழுக்கும்.

இப்படிக்கு,
குளத்துக்குக் கீழ 4 ஏக்கர் செய்யிற ஒரு கமக்காரி